மேட்டுக்காட்டுப் பெட்டி

நிமிர்த்தினால் பெட்டி வாசல் நிலையில் இடித்தது, சாய்த்தால் படிக்கட்டுக் கைப்பிடியில் இடித்தது. நான்கு ஆட்கள் மூச்சு வாங்க அதைக் கூடத்தில் இறக்கியபோது மகளுக்குக் கொஞ்சம் நிறைவாகத்தான் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எட்டிப் பார்க்காதவள் அவள். கடைசியிலாவது குறை வைக்கக்கூடாதென்று, கடையிலேயே உசத்தியான சவப்பெட்டியைக் கேட்டு வாங்கியிருந்தாள். என்ன மரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், ஓய்ந்திருக்கத்தான் தெரியவில்லை. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்று மேட்டுக்காட்டில் இருந்தது. அங்கே காலங்காலமாக நின்ற மரங்களை அறுக்க லாரிகள் கிளம்பியதும், பாதையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூட உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பச்சைத் துணியில் இலை தைத்து, சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்தாள். பாதிக் காடு போனது. மீதி இவர்களால் நின்றது. இதையெல்லாம் போனில் சொன்னால், "சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ" என்று மகள் வைத்துவிடுவாள்.

அந்த இலைக்காரர்கள்தான் இப்போது பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் மூத்தவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், மூடியை விரலால் தடவினார். சிவப்பில் கறுப்பு வரி. குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

"இது மேட்டுக்காட்டு மரமாச்சேம்மா," என்றார், குரலை உயர்த்தாமல்.

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெற்றவள் எதற்காக வெயிலில் காய்ந்தாள் என்றுகூடத் தெரியாத மகள் என்று அத்தனை பேரும் நினைப்பார்களே. நாக்கு முந்திக்கொண்டது.

"அம்மாதான் கேட்டாங்க. இந்த மரத்துலதான் வேணும்னு."

செத்தவளிடம் போயா கேட்க முடியும்? வேன்காரர் கூடத்துக் கட்டிலில் கிடத்தியிருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா ஆசைன்னா சரி," என்றார். சட்டையிலிருந்த இலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

எல்லோருமாகத் தூக்கி அம்மாவைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவரும் ஒரு கை கொடுத்தார். மூடியை எடுத்தபோது மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருக்கும்போதுதான் ஒன்றும் செய்யவில்லை, போன பிறகு பேரையும் கெடுத்தாகிவிட்டது.

"அம்மா கேக்கல," என்றாள். "நான்தான் வாங்கினேன். பொய் சொல்லிட்டேன். அவங்கள வெளிய எடுத்துடுங்க."

அவளை யாரும் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. அம்மாவை அவள் கிடந்த கட்டில் போர்வையிலேயே சுற்றி வேனுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி கூடத்தில் திறந்தபடி கிடந்தது.

வேன்காரர் உடனே வண்டியை எடுக்கவில்லை. பையிலிருந்த இலையை எடுத்துச் சட்டையில் குத்தப் பார்த்தார். ஊக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் உதவக் கையை நீட்டினாள். பாதியில் மடக்கிக்கொண்டாள்.