பதினேழு மொட்டைகளும் ஐந்தாம் அத்தியாயமும்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: திருடினேன். 1978இல் திருத்தணியில் ஓர் ஆய்வேட்டை டைப் அடித்துக் கொடுத்தவள் நான். கார்பன் வைத்து நாலு பிரதி கேட்டார்கள், ஐந்து அடித்தேன்.

‘மலையடிவாரத்தில் காலைப் பனி மெல்ல விலகிக்கொண்டிரு’

இப்படித் தொடங்கப் பார்த்தேன். பனியாவது ஒன்றாவது, திருத்தணியில்! விட்டுவிட்டேன். அப்படியே கிடக்கட்டும்.

2

டாக்டர் காஞ்சனா சென்னையில் மருத்துவ உளவியல் பேராசிரியர். அங்கே யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்து, காலியாகக் கிடந்த ஒரு அரிசி மண்டியில் முனைவர் பட்டப் பயிற்சி தொடங்கினார். மனசு சரியில்லாதவர்களைப் பேச்சால் தேற்றும் படிப்பு. ஊர் அதற்கு வைத்த பெயர் பைத்தியக்காரக் காலேஜ்.

மாணவர்கள் ஆறு பேர். அவர்கள் நோயாளியிடம் பேசுவதை டேப்பில் பிடித்து, மறுநாள் எல்லார் முன்னாலும் போட்டு, இந்த இடத்தில் எதற்கு வாயைத் திறந்தாய் என்று கேட்பார். அழாத மாணவன் கிடையாது. எட்டு வருஷத்தில் வேலூர் டாக்டர்களே ஆளனுப்பத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் மட்டும் நம்பவில்லை. முதல் ஆய்வேடு தேறினால் அங்கீகாரம், இல்லாவிட்டால் கடையைக் கட்டுங்கள் என்று எழுதிவிட்டது.

3

முதல் ஆய்வேடு கோதண்டபாணியுடையது. பள்ளிப்பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. (முதலில் இவனை மேதையாக எழுதினேன். பொய். சுமாரான பையன், ஆனால் காது கொடுத்துக் கேட்பான்.)

மனச்சோர்வில் கிடந்த நாற்பது பேரை எடுத்துக்கொண்டான். இருபது பேருக்குப் பன்னிரண்டு வாரம் சிகிச்சை. மீதி இருபது பேர் ஒப்பிடுவதற்காகச் சும்மா காத்திருக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் சிகிச்சை உண்டு என்று காஞ்சனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

காத்திருந்தவர்கள் வாராவாரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, எங்களை எப்போது கூப்பிடுவீர்கள் என்று பிடுங்கியெடுத்தார்கள். ஒருநாள் கோதண்டபாணி இந்த ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தான். ஜன்னல் வழியே மலையைக் கைகாட்டி, அவன் பார்த்துக்குவான், போங்க என்றான்.

மருந்துச் சீட்டே எழுதிக் கொடுத்தது மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சிலேயே பழகிப்போன பதினேழு பேர் கிருத்திகைக்குச் சேர்ந்து மலையேறி, சீக்கிரம் நம்மைக் கூப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். கூப்பிடவில்லை. அடுத்த கிருத்திகைக்கும் ஏறினார்கள். கட்டுச்சோறு, அரட்டை, அழுகை எல்லாம் சேர்ந்தேதான். மூன்றாவது கிருத்திகைக்கு முடியே கொடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் வாரம், கடைசிக் கேள்வித்தாளுக்கு, பெஞ்சில் பதினேழு மொட்டை.

(அடிக்குறிப்பு: அதில் ஒன்பது பேர் பெண்கள். சந்தனம் அன்றைக்கும் காயவில்லை.)

மதிப்பெண் போட்டுப் பார்த்தால், சிகிச்சை பெற்றவர்கள் தேறியிருந்தார்கள். மொட்டைகள் அதைவிடத் தேறியிருந்தார்கள்.

4

கோதண்டபாணிக்கு ஜுரமே வந்துவிட்டது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான்.

“மேடம், இந்தப் பதினேழு பேரை எடுத்துடலாம். கே.ஜி.கண்டிகையில புதுசா பதினேழு பேரைப் புடிச்சி காக்க வெச்சா போதும். மொட்டை போடாதவங்களா பாத்துக்குறேன்.”

இங்கே காஞ்சனா கர்ஜிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ‘உண்மையை விட்டுக்கொடுத்து வருகிற பட்டம்’ என்பது வரை எழுதிப் பார்த்தேன். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. புது ஆட்களையும் சேர்க்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து, ஆய்வின் முடிவுகள் வரும் ஐந்தாம் அத்தியாயத்தை மொட்டையோடு ஒன்று, மொட்டை இல்லாமல் ஒன்று என்று இரண்டாக அடித்து வைக்கச் சொன்னார். பயந்திருந்தார். எட்டு வருஷ உழைப்பு, பயம் இருக்காதா? எனக்கு அவர்மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

5

இரண்டையும் அடித்து முடித்த அன்று மதியம் ஞானம்மாள் வந்தாள். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவள். பதினேழில் ஒருத்தி. பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வருஷம் பேச்சே இல்லாமல் கிடந்தவள். தலையில் விரலளவு முடி முளைத்திருந்தது. காஞ்சனா ஆவலோடு, மலையில் என்னதான் நடந்தது, எப்படிச் சரியாயிற்று என்று கேட்டார். ஆய்வுக்கு உதவுமே என்ற ஆசை.

“எங்க சரியாச்சு? துன்றேன், தூங்குறேன், ஆங், கூட வர்றவங்களாண்ட பேசிகினு போறேன். புள்ளையப் பத்தி மட்டும் இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க. அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் முடி குடுத்தேன். எப்பங்க கூப்பிடுவீங்க?”

காஞ்சனா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். ‘காத்திருந்தோர் அனைவருக்கும் பின்னர் சிகிச்சை அளிக்கப்பட்டது.’ மொட்டையோடு இருந்த அத்தியாயத்திலும் அந்த வரி இருந்தது, மொட்டை இல்லாததிலும் இருந்தது. ஆய்வேடு என்றால் அப்படி ஒரு வரி வரும் என்று கோதண்டபாணி எழுதினான், காஞ்சனா படித்தார், நான் அடித்தேன். ஒருத்தரையும் கூப்பிட்டிருக்கவில்லை. மூன்று பேருக்கும் மறந்தே போயிருந்தது.

ஞானம்மாள், வெளியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

6

முடிவு வேண்டுமா? மொட்டை இல்லாத அத்தியாயம் போகிறது, பட்டம் வருகிறது, இந்தியா முழுக்கப் பேர். அல்லது மொட்டையோடு போகிறது, தேர்வாளர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், மண்டிக்கு மறுபடி அரிசி வருகிறது. அல்லது காஞ்சனா இரண்டையும் கிழித்து (இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு, அதனாலேயே நம்ப முடியவில்லை)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கதை எப்படி முடிந்தாலும் ஞானம்மாள் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளை உள்ளே கூப்பிடுங்கள். பிள்ளையின் பெயர் என்ன என்று கேளுங்கள்.

எனக்கும் தெரியாது. நான் கேட்கவே இல்லை.