மூன்றாவது ரத்தம்

வளைகாப்பு என்று ஒன்று இருப்பது டாக்டர் சூசைமேரிக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் மூன்று வருஷத்துக்கு முன் ஆராய்ச்சித் திட்டம் எழுதியபோது அது மண்டையில் உறைக்கவில்லை. கர்ப்பிணிகளிடம் மூன்று தடவை ரத்தம் எடுக்க வேண்டும், மூன்றாவது ரத்தம் எட்டாம் மாதத்தில் என்று அழகாக எழுதிவிட்டாள். ஏழாம் மாதமே வளையல் அடுக்கி அத்தனை பேரையும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே, அதை யோசித்தாளா? கோயமுத்தூர் சரவணம்பட்டி ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள், ரத்தப் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள். அவிநாசி, கோபி, தாராபுரம். இன்றைக்கு பவானி. இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது.

வயிற்றுப் பிள்ளை பாதி அப்பனுடையது. அதை அந்நியம் என்று தாயின் உடம்பு அடித்து விரட்டாமல் பார்த்துக்கொள்ளும் செல்கள் சில ரத்தத்தில் உண்டு. இரண்டு முறை கரு கலைந்த பெண்களிடம் அந்தச் செல்கள் கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றனவா? அதுதான் அவள் கேள்வி. மூன்று ரத்தமும் முழுசாக இருபது பேரிடம் கிடைத்தால்தான் திட்டம் நீளும். கையில் இருந்தது பத்தொன்பது. நாளையோடு கெடு முடிகிறது. பவானியில் இருக்கும் பூஜிதாதான் இருபதாவது. அவளிடம் எடுக்கும் ரத்தம் இரண்டரை மணி நேரத்தில் ஆய்வகம் சேராவிட்டால் எல்லாம் வீண்.

"வாங்க வாங்க டாக்டரம்மா. ஒரு வாய் சாப்புட்டுப்போட்டு ஊசி போடலாமுங்க" என்றாள் பூஜிதாவின் அம்மா பங்காரம்மா.

"மொதல்ல ரத்தம் எடுத்தர்றேனுங்கம்மா."

பூஜிதா கையை நீட்டினாள். நரம்பே தட்டுப்படவில்லை. சூசைமேரி வளையல்களை மேலே தள்ளப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. போன மாதம் போட்ட கண்ணாடி வளையல்கள் சதையில் பதிந்து கிடந்தன.

"எல்லாம் எங்கூட்டுச் சோறுங்க. வந்தப்ப ஈர்க்குச்சியாட்ட இருந்தா" என்று பங்காரம்மா பூரித்தாள்.

"தலை வலிக்குதா கண்ணு?"

"ரெண்டு நாளா வலிக்குதுங்க மேடம். கண்ணுல பூச்சி பூச்சியாப் பறக்குதுங்க. அம்மா பித்தம்னு சொன்னாங்க."

சூசைமேரி வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆய்வக டாக்டர். இருந்தாலும் பையில் பிரஷர் கருவி இருந்தது. கட்டிப் பார்த்தாள். நூற்று எழுபது, நூற்றுப் பத்து. மறுபடியும் பார்த்தாள். அதேதான். அட ஆண்டவரே! வலிப்பு வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணுமுங்க."

பங்காரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, முந்தின ரெண்டு போனது பத்தாம இதுவுமாங்க! அப்பக் கோயமுத்தூருக்கே போயர்லாமுங்க. இவளைப் பாக்கற டாக்டரு அங்கதானுங்க. உங்க கார்லயே கூட்டிட்டுப் போயிருங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நரம்பு மட்டும் கிடைத்துவிட்டால் ரத்தம் எடுக்க இரண்டு நிமிஷம் போதும். ஒரே காரில் பெண்ணும் போவாள், ரத்தமும் போகும், இருபதும் நிறையும். கேட்டது பெண்ணைப் பெற்றவளே. நாளைக்கு யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கோயமுத்தூர் இரண்டு மணி நேரம். ஈரோடு அரை மணி. தலையை ஆட்டு, ஆட்டு என்றது அலைந்து ஓய்ந்த மனசு. சீ என்று இருந்தது அவளுக்கு.

"ஈரோடுங்க" என்றாள். வீங்கிய கையில் நரம்பு தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, ஈரோடு போய்ச் சுற்றினால் ரத்தமும் நேரத்துக்குச் சேராது. ஊசியை மூடிப் பையில் போட்டாள்.

ஈரோட்டில் காரை விட்டு இறக்கியதுமே பூஜிதாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அன்று மத்தியானமே ஆபரேஷன். அதற்கு முன் நர்ஸ் வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பங்காரம்மா பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூசைமேரி ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பி என்ன செய்ய?

மறுநாள் காலை அவளைக் கண்டதும் பூஜிதா படுத்தபடியே கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி வளையல் தடம் சிவந்திருந்தது.

"நேத்து எடுக்கலீங்களே மேடம். நான் ஒருத்திதான் பாக்கின்னு போன்ல சொன்னீங்க. இப்ப எடுத்துக்கங்க."

"வேண்டாம் கண்ணு. புள்ள வயித்துல இருக்கறப்ப எடுத்தாத்தான் ஆகும். இனி எடுத்துப் புண்ணியமில்ல."

"அப்ப உங்க ஆராய்ச்சிங்க?"

"பத்தொன்பதோட நின்னுபோச்சு" என்றாள் சூசைமேரி. மறைத்து என்ன ஆகப்போகிறது?

பூஜிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நீட்டிய கையை மடக்காமல் சூசைமேரியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பங்காரம்மா பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றி நீட்டினாள்.

காரில் உட்கார்ந்து சூசைமேரி லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றாவது ரத்தம் கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். தாய்வீடு போய்விட்டார். கரு கலைந்தது. வர மறுத்துவிட்டார். தாய்வீடு. கரு கலைந்தது. கடைசியில் பூஜிதாவின் பெயர். அதற்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

குழந்தை பிறந்துவிட்டது என்று அடித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், கட்டமும் சின்னது. ஆனாலும் அடித்தாள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. நன்றாக அழுகிறாள்.