ஒருவருக்கான டிக்கெட்

திண்டிவனத்தில் பழைய வியாபாரி ஒருவரின் மாடி வீட்டைப் புதுப்பித்து, அதில் துணிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஆரோக்கியசெல்வி அதை ஃபோனில் பார்த்த நாளிலிருந்து வீட்டில் அதே பேச்சாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அவள் கணவன் தேவா ஒலக்கூரிலிருந்து தன் ஆட்டோவிலேயே அவளை அழைத்து வந்துவிட்டான்.

வாசல் பலகையைப் பார்த்ததும் செல்விக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆளுக்கு முந்நூறு ரூபாய்.

"வாணாங்க, திரும்பிடலாம்."

"அப்ப எதுக்கு வந்தமாம்? நீ போய்ப் பாரு. நேத்து சவாரி எறக்கி வுட வந்தப்பவே நான் பார்த்துட்டேன். வாட்ச்மேன் சும்மாவே உள்ள வுட்டாரு."

ஒரு டிக்கெட்டை வாங்கி அவள் கையில் திணித்துவிட்டு ஆட்டோவுக்குப் போய்விட்டான்.

உள்ளே அறைக்கு அறை அவுரிச் சாயத் துணிகள்தான். துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம், கறுப்போ என்று நினைக்க வைக்கும் நீலம். ஒரு குழந்தைச் சட்டையின் முன் செல்வி நின்றுவிட்டாள். தோள்பட்டைக் கிழிசலை யாரோ ஒருத்தி வெள்ளை நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே தைத்திருப்பாள் போலிருக்கிறது.

"இங்க பாருங்களேன்" என்று சிரித்தபடி திரும்பினாள். பக்கத்தில் யாரோ வெளியூர்க்காரர் நின்றிருந்தார்.

அதன்பிறகு அவள் அவசரப்படவில்லை. முதல் அறைக்கே திரும்பிப்போய், எல்லாவற்றையும் இன்னொரு முறை, தேவாவுக்கும் சேர்த்துப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வெளியே தேவா வியர்வையில் சட்டை நனைய உட்கார்ந்து, வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்து அவளுக்காகக் கர்சீப்பில் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எது புடிச்சிது?" என்று கேட்டாள்.

அவன் யோசிக்கவேயில்லை. "அந்தச் செவப்புப் பொடவதான். இன்னா பளபளப்பு!"

செல்வி அவனையே பார்த்தாள்.

"ஆமாங்க, நல்லாதான் இருந்திச்சி. அந்தக் கொழந்த சட்டயப் பார்த்திங்களா?"

"அத சரியா கவனிக்கல. சொல்லேன்."

சொன்னாள். வழியெல்லாம் சொன்னாள். அவன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு கேட்டான். நீலத்தில் எத்தனை நீலம் என்று அவள் அடுக்கிக்கொண்டே வந்தபோது, சட்டென்று ஓரம் கட்டினான்.

"செல்வி, அங்க செவப்பே இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அய்ய, பேஜாரா பூட்ச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்து செல்விக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்சீட்டிலிருந்து எட்டி, முந்தானையால் அவன் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"நீங்களும் வந்திருந்தா ரெண்டு பேருமா பார்த்திருக்கலாம்."

"இப்ப மட்டும் இன்னாவாம்? பார்த்துக்கினுதான வர்றேன்." வண்டியைக் கிளப்பினான். "அந்தச் சட்ட அரக்கையா, முழுக்கையா?"

"அரக்கைதான்" என்று முன்னால் கையை நீட்டி, அளவு காட்டினாள் செல்வி.