ஊதாச் சாவி

பதினைந்து வயதில் நான் ஒரு நிறுவனத்தின் தலைவர். பெயர் 'டைட்டன் கேலக்ஸி இன்டராக்டிவ்'. தலைமையகம் அமெரிக்காவின் டுலூத் நகரில் எங்கள் வீட்டின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அப்பாவின் தூண்டில்களுக்கும் நடுவே இருந்தது. ஊழியர் ஒரே ஒருத்தி: அடுத்த தெரு நோரீன். படங்கள், இசை, எதிரிகளின் நடமாட்டம் எல்லாம் அவள் பொறுப்பு. அறைகளும் கதவுகளும் சாவிகளும் என் பொறுப்பு. மீதி நேரத்தில் தலைமை தாங்கினேன்.

1993-இல் எங்கள் கணினி விளையாட்டு 'ஒன்பது சாபக் கோட்டை' வெளியானது. அதாவது, நாற்பது ஃபிளாப்பிகளில் பிரதி எடுத்துக் கணினிக் கடை ஒன்றின் மேசையில் வைத்துவிட்டு வந்தோம். அதில் உருவங்கள் எல்லாம் எழுத்துகளும் குறிகளும்தான்: கதாநாயகன் ஒரு சிரித்த முகம். டிராகன் என்பது ஆங்கில எழுத்து டி. பச்சை நிறம் என்பதால் பயங்கரமாக இருக்கும் என்று நம்பினோம். முகப்பில் என் பெயர் மூன்று இடங்களில் வரும்.

போன மாதம் நகர நூலகத்தில், பதின்வயதினர் அந்தக் காலத்தில் வீட்டில் செய்த விளையாட்டுகளுக்கு ஒரு கண்காட்சி. எங்கள் கோட்டையையும் பெரிய திரையில் போட்டார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். நோரீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் நானும் பேராசிரியர் ஆன்செலும்.

"கடைசிக் கதவு திறப்பதே இல்லை," என்றார் ஆன்செல். "முடிவு என்கிற கருத்தையே அது மறுக்கிறது. வெஸ்லி, இது நீங்க அப்பவே திட்டமிட்டதுதானே?"

நான் கன்னத்தில் விரலை வைத்து மெல்லத் தலையாட்டினேன். புகைப்படம் எடுத்தார்கள்.

அப்போது விசைப்பலகையின் முன் வந்து உட்கார்ந்தவர் வெர்னன் மாக்கி. குளிர்காலத்தில் நகரின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.

"பிரசிடென்ட் சார், என்னை ஞாபகம் இருக்காது," என்றார். "ஊதாச் சாவி எங்க இருக்குன்னு கேட்டு தொண்ணூத்தி நாலுல உங்களுக்கு லெட்டர் போட்டேன். நீங்க பதில் போட்டீங்க."

சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துப் படித்தார். "உண்மையான வீரன் தானே கண்டுபிடிப்பான். இப்படிக்கு, தலைவர்." அரங்கம் சிரித்தது. "நான் இன்னும் தேடிட்டு இருக்கேன். இன்னிக்கு முடிக்காம வீட்டுக்குப் போறதா இல்ல."

ஆரம்பித்தார். விரல்கள் பறந்தன. எலும்புக்கூடுகளை ஏமாற்றினார், எரிமலை அறையைக் கண்ணை மூடியே தாண்டினார். டிராகன் விழுந்தபோது அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். நான் செய்த ஒரு பொருளை ஒருவர் இவ்வளவு அழகாகக் கையாண்டு நான் பார்த்ததே இல்லை.

பிறகு அந்தக் கதவு. 'ஊதாச் சாவி தேவை' என்றது திரை.

"எல்லாச் செவுத்தையும் முட்டிப் பாத்துட்டேன்," என்றார் வெர்னன். "நூத்துப் பன்னெண்டு அறை."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நான் ஒருநாளும் அந்தக் கோட்டையைச் சாவியோடு கடந்ததில்லை. சோதிக்கும்போதெல்லாம் ரகசியச் சொல்லைத் தட்டி எல்லாக் கதவையும் திறந்துகொண்டே போனேன். ஊதாக் கதவை வைத்தேன். ஊதாச் சாவியை வைக்கவே இல்லை.

ஆன்செல் இன்னும் என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தலையாட்டினால் போதும். ஆனால் வெர்னன் திரும்பிப் பார்த்தார்; அவர் கையில் அந்தக் கடிதம்.

"சாவி இல்லீங்க," என்றேன். "வைக்க மறந்துட்டேன்."

பேராசிரியர் குறிப்பேட்டை மூடினார். வெர்னன் கடிதத்தை நான்காக மடித்தார்.

"அப்போ நான் முட்டாள் இல்ல," என்றார்.

"இல்ல. அது நான்தான். ஒரு வழி இருக்கு. ரகசியச் சொல் ஒண்ணு அடிச்சா கதவு திறக்கும்."

"சொல்லுங்க."

சொல்வதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. நோரீன் முன்வரிசையிலிருந்து சொன்னாள். "வெஸ்லி ஒரு மேதைன்னு அடிங்க. இடைவெளி விடாம."

வெர்னன் ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தபடி அடித்தார். சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கதவு திறந்தது.

உள்ளே, நான் பார்த்தேயிராத ஒரு திரை. பிரதி எடுப்பதற்கு முந்தின நாள் நோரீன் சேர்த்தது. தலைவருக்குப் பார்க்க நேரமில்லாமல் போனது. நட்சத்திரக் குறிகளால் வாணவேடிக்கை, கீழே ஒளிரும் சிறு ஏரி, அலைகள் நிஜமாகவே அசைந்தன. அப்புறம் எழுத்துகள் மேலேறின:

'இதைப் படிக்கிறவரே, வாழ்த்துகள். வெஸ்லி கடைசியில் ஊதாச் சாவியை வைத்துவிட்டான் போலிருக்கிறது. மூன்று தடவை சொன்னேன்.'

"நாலு தடவை," என்றாள் நோரீன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பது வருஷமா இதை யாரும் பாக்கலடா, தடியா."

"எடிட்டர் இதுல இருக்கா?" என்று கேட்டேன். அறைகளையும் கதவுகளையும் நாங்கள் அமைத்த நிரல் அது. இருந்தது. மேடையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தோம். பெரிய திரையை மட்டும் அணைத்துவிட்டு, ஊதாச் சாவியை எந்த அறையில் வைப்பது என்று நானும் அவளும் கிசுகிசுத்துச் சண்டை போட்டோம். சண்டையில் அவள்தான் ஜெயித்தாள்.

வெர்னன் அதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

"வச்சாச்சா? எங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றார். உட்கார்ந்து, முதல் அறையிலிருந்து ஆரம்பித்தார்.