தொட்டிக்குள் கிடந்த மஞ்சள் மூடி

ஒன்று குறைந்திருந்தால் சிஸ்டருக்குக் குழப்பமே இல்லை, தேடியிருப்பாள், கிடைத்திருக்கும். இங்கே ஒன்று கூடுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, தெருவிலும் அவளுக்கு சிஸ்டர் என்றுதான் பெயர். ஆபரேஷன் தியேட்டரில் பதினெட்டு வருட சர்வீஸ். கத்தி, கத்தரி, பஞ்சு என்று எல்லாவற்றையும் எண்ணி, போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று அவள் தலையாட்டினால்தான் டாக்டர் வயிற்றைத் தைக்க முடியும். எவ்வளவு பெரிய டாக்டரானாலும் அதுவரை ஊசியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். அதே வழக்கப்படி இன்றும் கார் ஷெட்டில் ஒரு பழைய வெள்ளைப் போர்வையை விரித்து, கியர்பாக்ஸிலிருந்து கழற்றியதையெல்லாம் வரிசையாக வைத்திருந்தாள். பதினான்கு போல்ட். பழைய ஃபில்டர். அது மாட்டியிருந்த ஓட்டையில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடித்த ரப்பர் வளையம். இரும்புத் தூளைப் பிடித்து வைக்கும் சின்னக் காந்தம். எண்ணெய் கசியாமல் அடைக்கும், பிய்ந்து பிய்ந்து வந்த கேஸ்கெட். கடைசியில் இந்த மஞ்சள் பிளாஸ்டிக் சாமான்; காளான் மாதிரி ஒரு தலை, அதற்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு தண்டு. கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை இறக்கியபோது, கறுத்துப்போன எண்ணெய்க்குள் முங்கிக் கிடந்தது.

"இது எங்கேயிருந்து விழுந்துச்சுன்னே தெரியலைங்க" என்றாள்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கணவர் கணக்கு வாத்தியார்; பார்ப்பதெல்லாம் அவருக்குக் கணக்குதான். புது ஃபில்டர் வந்த அட்டைப் பெட்டியிலிருந்த படத்தை விரித்தார். படத்தில் பதினோரு பாகங்களுக்கு எண் போட்டிருந்தது. மஞ்சள் காளானுக்கு எண்ணும் இல்லை, படமும் இல்லை. வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய், கண்ணில் பட்ட ஓட்டையிலெல்லாம் அதைச் செருகிப் பார்த்தார். ஒன்றில் உள்ளே போகவே இல்லை. இன்னொன்றில் போனது, விட்டதும் தொப்பென்று அவர் நெஞ்சில் விழுந்தது.

"இதுக்கு ஒரு இடம் இருந்தே ஆகணும்" என்று அடியிலிருந்தே சொன்னார். "அதைக் கண்டுபிடிக்காம மூடாதே. நாளைக்கு நடுரோட்டுல கியர் மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவே?"

அவளுக்குக் கவலையே நாளையைப் பற்றித்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் அண்ணனைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அண்ணன் பதினான்கு வருடம் ஓட்டிவிட்டு அவளுக்குக் கொடுத்த வண்டி இது. கொடுக்கும்போது, "வருஷா வருஷம் என் கையாலயே தொட்டியை இறக்கி ஃபில்டர் மாத்தியிருக்கேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மூன்றாம் மாதமே கியர் இழுத்து இழுத்து விழுந்தது. "உங்க அண்ணன் இதைத் தொட்டே பார்த்ததில்ல" என்று வாத்தியார் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஒருவர் பொய்யன் என்றார், ஒருவர் சந்தேகப் பிராணி என்றார். அன்று படியிறங்கிப் போன அண்ணன் இரண்டு வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போன வாரம்தான் அவராகவே போன் செய்தார். "ஆபரேஷனுக்கு என் பழைய வண்டியிலயே என்னைக் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்று கேட்டார். அந்தக் குரலுக்காகத்தான், ஒர்க்‌ஷாப்காரர் நான்கு நாள் ஆகும் என்றதும், தானே ஸ்பேனரைத் தூக்கிவிட்டாள். நாளை வண்டி வழியில் நின்றால் பழைய சண்டை மறுபடி கிளம்பும். பிறகு பிறந்த வீடு என்று ஒன்று அவளுக்கு இருக்காது.

வாத்தியார் தொட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கழுவப் போனார். சிஸ்டர் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டாள். மஞ்சள், காளான் தலை, விரல் நீளம் என்று நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்வதுபோல ஒப்பித்தாள்.

கடைக்காரர் சிரித்தார். "அக்கா, தொட்டியை இப்பதான் முதல் தடவையா இறக்குறீங்களா?"

"இல்லப்பா. எங்க அண்ணன் வருஷா வருஷம் இறக்கியிருக்காரு."

"வாய்ப்பே இல்லக்கா. அது ஃபேக்டரி மூடி. கியர்பாக்ஸ் செய்யுற இடத்துல, ஆயில் அளக்குற கம்பி போற ஓட்டைக்குள்ள தூசி போகாம இருக்க அதை மாட்டி அனுப்புவாங்க. வண்டியில பூட்டுறவங்க அதைக் கழட்ட மாட்டாங்க, அப்படியே உள்ள தள்ளி விட்டுடுவாங்க. அது பாட்டுக்குத் தொட்டியில கிடக்கும், ஒரு கெடுதலும் இல்ல. முதல்ல திறக்குறவங்க எடுத்துத் தூர போடுவாங்க. அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும், பக்கத்து இரும்பையும் சேர்த்து ஃபேக்டரியில் இழுத்த ஒரு பச்சைப் பெயின்ட் கோடு இருந்தது. பதினான்கிலும் அந்தக் கோடு முழுசாக இருந்தது. இன்று காலையில் அவள் ஸ்பேனர்தான் அதை உடைத்தது. ஆக, அண்ணன் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பொய்க்காக அவள் எத்தனை இரவு வாத்தியாரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சரிதான். இடி வாங்குவது தப்பான ஆளுக்காக என்று மத்தளத்துக்கு யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளே வந்தாள். வாத்தியார் கழுவின தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருபது வருடமாகச் சாதித்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"யோசிச்சுப் பாரு. ஃபேக்டரியில பூட்டின பெட்டிக்குள்ள வேண்டாத சாமான் இருக்காது. இருக்குன்னா, நடுவுல யாரோ திறந்திருக்கணும். இந்த வண்டியில உங்க அண்ணனைத் தவிர வேற யாரும் கை வைச்சதில்ல. அப்ப திறந்தது அவர்தான். கவனமில்லாம எதையோ உள்ள போட்டு மூடியிருக்காரு, அது வேற விஷயம். ஆனா திறந்திருக்காரு. அந்த மனுஷனைப் போய்ப் பொய்யன்னு சொல்லிட்டேனே."

எல்லாப் படிகளும் சரியாக இருந்தன. விடை மட்டும் தலைகீழாக இருந்தது. சிஸ்டர் வாயைத் திறந்தாள். இந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டால் அண்ணன் நாளைக்கே இந்த வீட்டுப் படியேறுவார். உண்மையைச் சொன்னால் ஒருக்காலும் ஏறமாட்டார். ஆனால் தப்பே செய்யாதவரைத் தலைகுனிய விடுவது எந்த ஊர் நியாயம்? அவள் இப்படித் திணறுவதற்குள் வாத்தியார் எண்ணெய் விரலாலேயே அண்ணனின் நம்பரை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல்மேல் வைத்துவிட்டார்.

"மச்சான், நான்தான் பேசுறேன். தொட்டியை இறக்கியாச்சு. நீங்க திறந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை..." அண்ணன் இழுத்தார். "அந்தத் தொட்டியை நான் ஒரு நாளும்..."

சிஸ்டர் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். "அண்ணா! சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுங்க. சீக்கிரம் தூங்குங்க. ஆறு மணிக்கு வந்துடறோம்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வைத்தாள். எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன சொல்ல வந்தாரு?" என்றார் வாத்தியார்.

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை.

"திறந்ததே இல்லைன்னு சொல்ல வந்தாருங்க. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி." கடைக்காரர் சொன்னதையும், பச்சைக் கோட்டையும் சொல்லி முடித்தாள்.

வாத்தியார் தலையைச் சொறிந்தார்; நரைமுடியெல்லாம் எண்ணெய்.

"ரெண்டு வருஷம் சண்டை போட்டப்போ ஒத்துக்காதவரு, மன்னிப்புக் கேட்டதும் உண்மையைச் சொல்ல வர்றாரு. இது எந்தக் கணக்குலயும் வராதே" என்றார்.

அவர் கை போனை நோக்கிப் போனது. சிஸ்டர் தடுக்க ஓர் அடி முன்னே வந்தாள். அவரோ போனை எடுத்து ஷெல்ஃபில் வைத்துவிட்டு, புதுக் கேஸ்கெட்டை உறையிலிருந்து பிரித்துத் தொட்டியின் விளிம்பில் பொருத்தினார்.

"கேட்ட மன்னிப்பை எப்படித் திருப்பி வாங்குறது? முதல் போல்ட்டைக் குடு" என்றார்.