தலைமாட்டுச் செடி

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி பாதுஷா ராவுத்தருக்குக் கண் வீங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோச்சடைப் பக்கம் ஆற்றோரத்து மையவாடியில் அடக்க ஒரு ஜனாஸா வந்தது. மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவந்த ஒருவர் தோள் நொச்சிப் புதரில் இடித்து, அதில் தொங்கிய கொம்புத்தேனீக் கூட்டம் கலைந்துவிட்டது. அத்தனை பேர் நின்றும், தேனீக்கள் முத்தவல்லியைத்தான் தேடிப்பிடித்துக் கொட்டின. பள்ளிவாசலையே ஒரு விரலில் ஆட்டுகிற மனிதர் ஒற்றைக் கண்ணோடு தொழ வந்தால் கோபம் வராதா?

"மையவாடியா இது? காடு! உடும்பு ஓடுது, கீரி ஓடுது, கவுதாரி கத்துது. மையத்த அடக்க வந்தவனும் மையத்தாத்தான் போவான் போலருக்கு. எல்லாரும் கபுரு பாக்க வர்ற பராத்து ராவுக்கு முன்னாடி அங்க ஒரு செடி நிக்கக் கூடாது" என்று ஜமாஅத் கூட்டத்தில் சத்தம் போட்டார். எல்லாரும் கை தூக்கினார்கள். வேலையை மேற்பார்க்க அப்துல் வஹீதைப் போட்டார்கள்.

வஹீது தெற்குவாசலில் கைலிக் கடை வைத்திருந்தவன். வாயில்லாப் பூச்சி. எதைத் தலையில் கட்டினாலும் சரி என்பான். இதற்கும் சரி என்று சொல்லிவிட்டு வந்தவன் அன்று கடையைத் திறக்கவில்லை.

அவனுடைய மகள் அந்த மையவாடியில்தான் இருந்தாள். எழுபத்தைந்தாம் வருஷம், தவழக்கூடத் தொடங்காத பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டது. சந்தூக்கு எதற்கு, கையில் ஏந்தியே கொண்டுபோய் அடக்கினான். பச்சைக் குழந்தைக்கு யார் கல் நடுகிறார்கள்? கபுருக்குழியை மூடியதும் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு ஊன்றுவது வழக்கம். அவன் ஊன்றியது மருதாணிக் கொப்பு. வேர் பிடித்துவிட்டது. மழையில் மண்மேடு கரைந்து தரையோடு தரையாகிப் போக, செடி மட்டும் மார்பளவு வளர்ந்து பூத்து, அதிலும் தேனீ வந்து கூடு வைத்தது. அந்தச் செடி போனால் மகள் எங்கே கிடக்கிறாள் என்று பெற்றவனுக்கே தெரியாது.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டான். பிள்ளை போனபோது, "சொர்க்கத்துக் குருவிப்பா, அதுக்குப் போய் அழுவாகளா" என்றார்கள் பெரியவர்கள். அழவில்லை. அவன் மனைவி பக்ருன்னிசாவும் அவன் பார்க்க அழவில்லை. பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கம் அங்கே இல்லை. எங்கே அடக்கினீர்கள் என்றுகூட அவள் கேட்டதில்லை. அந்த வீட்டில் பிள்ளையின் பெயரே புழங்குவதில்லை.

கீழக்குயில்குடியிலிருந்து சோணையும் சின்னக்கருப்பனும் அரிவாளோடு வந்தார்கள். முதல் புதரில் கை வைக்கப் போகும்போது தையல்காரர் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "வஹீதண்ணே, அந்த நொச்சிய மட்டும் விட்ருங்க. எங்கத்தாவோட தலைமாடு. நான் ஊனுன கொப்பு." சரி என்றான் வஹீது. அடுத்து, சைக்கிளில் வந்தவர் இன்னொரு நொச்சியைக் காட்டினார். அது அவர் அம்மா. கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கிய ஆளே வந்து, "வெளிய சொல்லிராத மாப்ள" என்று தன் தம்பியின் செடியைக் காட்டிவிட்டுப் போனார். மதியம் ளுஹர் தொழுகைக்குள் பாதி ஜமாஅத் வந்துபோய்விட்டது.

வஹீது கடையிலிருந்து கொண்டுவந்த துண்டுத்துணிகளை அடையாளத்துக்கு ஒவ்வொரு செடியாகக் கட்டிக்கொண்டே வந்தான். மருதாணிக்குப் பக்கத்திலும் வந்தான். யாருதுன்னு சோணை கேட்டால் என்ன சொல்வது? தாண்டிப் போய்விட்டான்.

"ஏன் பாய், எல்லாத்தையும் விடச் சொன்னா எங்கள எதுக்கு வரச் சொன்னீக?" என்று சிரித்தான் சோணை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாதுஷா ராவுத்தர் வந்தார். "என்னய்யா இது, கந்தூரிக்குக் கொடி கட்டுன மாதிரி!" என்று பாய்ந்தார். வஹீது விஷயத்தைச் சொன்னான். கிழவர் மையவாடியைச் சுற்றி வந்தார். மதிலோரம் ஒரு செடியருகே நின்றார். ஒரு துணியை வாங்கித் தாமே அதில் கட்டினார். அவருடைய சம்சாரம் அங்கே அடங்கியிருப்பது எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதுக்காக ஒண்ணுகூட வெட்டலைன்னா ஊரு சிரிக்கும். அந்தா, அந்த மருதாணி சும்மாத்தான நிக்குது? அத வெட்டுங்கப்பா."

சோணை அரிவாளோடு நடந்தான். சோணை ஒரு கொப்பைப் பிடித்து வளைத்தான். கூடு ஆடியது, தேனீக்கள் இரைந்தன. எப்படி ஓடினான் என்று வஹீதுக்கே தெரியாது. செடிக்கும் அரிவாளுக்கும் நடுவில் போய் விழுந்தான்.

"வெட்டாத! எம் மக... எம் மக ஆரிபா இருக்கா இங்க!"

முகத்தில், கழுத்தில், கையில் தேனீக்கள் கொட்டின. அவன் நகரவில்லை. வாய்விட்டு அழுதான். எல்லாரும் பார்க்க அழுதான்.

பாதுஷா ராவுத்தர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து அவனை இழுத்தார். "அட கூறுகெட்டவனே! ஊர்ல உள்ளவன் செடிக்கெல்லாம் கட்டுன, ஒம் புள்ளைக்குக் கட்ட ஒரு துணி இல்லாமப் போச்சா?" திட்டிக்கொண்டே அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோணைதான் துணியைக் கட்டினான். அவனுக்கும் ரெண்டு கொட்டு.

வீட்டில் பக்ருன்னிசா வீங்கிய முகத்தைப் பார்த்துப் பதறி, சுண்ணாம்பை எடுத்துவந்து தடவினாள். "யா அல்லாஹ், எங்க போய் இம்புட்டுக் கொட்டு வாங்குனீங்க?"

"மையவாடில. ஆரிபா தலைமாட்டுல ஒரு மருதாணி நிக்குது. அதுல தேனீ."

தடவிய கை நின்றுவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள்.

"செடி பெருசா?"

"பெருசு. நல்லா அடர்ந்திருக்கு."

"அப்ப புள்ள மேல வெயில் விழாதுல்ல?"

"விழாது."

"கத்திரி வெயில் வந்தா எனக்கு ஒறக்கமே வராதுங்க" என்றாள் பக்ருன்னிசா. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அன்றுதான் அழுதாள்.