ஒரு விரல் குறைஞ்ச மயில்

என் கொழுந்தன் டேனியல் ஒரு திருடன்னு ஆறு மாசமா மனசுக்குள்ள வெச்சிக்கினு இருந்தேன். வாயைத் தொறக்கல. வீட்டுக்காரர் தாவீதுக்குத் தம்பின்னா உசுரு. சொன்னா என்னைத்தான் முறைப்பாரு.

பிள்ளையார்பாளையத்துல பட்டுத் தறிக்கு டிசைன் போடுறவ நான். கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா புள்ளி வெப்பேன். அந்தப் புள்ளிங்கதான் அட்டையில ஓட்டையா விழும். அந்த அட்டை தறிமேல ஓடினா சேலையில மயிலா, அன்னமா, யாளியா வரும். பதினாலு வருஷ வேலை, மொத்தமும் வீட்டுல இருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியிலதான் கெடந்திச்சி. எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் போடுற எந்த மயிலுக்கும் ஒரு கால்ல ஒரு விரலைக் குறைச்சிடுவேன், வேணும்னே. எவனாவது சுட்டான்னா கண்டுபிடிக்கலாம் இல்ல?

ஆறு மாசம் முன்னாடி ஐயம்பேட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பொண்ணோட முந்தானையைப் பாக்குறேன், விரல் குறைஞ்ச மயில்! யார் டிசைனுன்னு கேட்டா லோகேஸ்வரன் போட்டதாம். அவனும் எங்க தெருவுல டிசைன் போடுறவன், என்னைக் கண்டாலே ஆகாது. அவன் கம்ப்யூட்டருக்கு ரிப்பேர் பாக்குறது யாரு? நம்ம டேனியல்தான். என் பெட்டிக்கும் அவன்தான். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?

பழைய பெட்டி கொரகொரன்னு இழுத்துக்கினு கெடந்திச்சி, இன்னிக்கோ நாளைக்கோன்னு. புதுசு வாங்கினோம். அதுவும் டேனியல் வேலை பாக்குற கடையிலேருந்துதான் வந்திச்சி. இதுலேருந்து அதுக்கு எல்லாத்தையும் மாத்தணும்னாலும் அவனைத்தான் கூப்பிடணும், வேற ஆள் கெடையாது. வயித்தெரிச்சலோட கூப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில பையோட வந்தான். "அண்ணி, பழசுலேருந்து டிஸ்க்கைக் கழட்டி புதுசுல மாட்டிட்டா சட்டுனு முடிஞ்சிடும்"னான்.

"கழட்டுறதெல்லாம் வாணாம். ரெண்டுக்கும் நடுவுல ஒயரைப் போடு, போதும்."

"ரொம்ப நேரம் ஆவும் அண்ணி."

"ஆவட்டும். நான் இங்கதான் உக்காந்திருக்கப் போறேன்."

பையைத் தொறந்து காட்டச் சொன்னேன், கூசாம. சிரிச்சிக்கினே காட்டினான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கல. ரெண்டு பென்டிரைவ் இருந்திச்சி. வாங்கி அரிசி டப்பாவுல போட்டு மூடினேன்.

என் பெட்டியில தறிக்காரங்களுக்கு ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அறுபத்து மூணு பேரு. ஆதிகேசவன் ஃபோல்டர்ல '240 மயில்'னு ஒண்ணு இருக்கும். கங்கையம்மாள் ஃபோல்டர்லயும் '240 மயில்'னு இருக்கும். 240ன்றது தறியோட கொக்கிக் கணக்கு. நாங்க அப்படித்தான் பேர் வெப்போம். பேர் ஒண்ணா இருக்கும், மயில் வேற வேற.

டேனியல், ஃபோல்டர் ஃபோல்டரா அப்படியே அனுப்புறேன்னான். அறுபத்து மூணுல ஒண்ணை நைசா ஒதுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? "அந்த வேலையே வாணாம். மொத்த டிசைனையும் ஒரே ஃபோல்டர்ல, என் கண்ணு முன்னாடி கொட்டு"ன்னேன்.

"ஒரே பேர் இருந்தா இடிக்கும் அண்ணி."

"எனக்கே பாடம் எடுக்குறியா? கொட்டுடான்னா!"

பெருமூச்சு விட்டுட்டு ஆரம்பிச்சான். திரையில 11,416ன்னு எண்ணிக்கை வந்து, பச்சைக் கோடு ஊர்ந்துச்சி. ஒரு மணிக்கு எழுந்தான். "டீ குடிச்சிட்டு வரேன் அண்ணி. நடுவுல ஏதாச்சும் கேட்டுச்சின்னா தொடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க."

எதுக்குத் தொடக்கூடாது? அப்படி இன்னா அதுல?

அவன் படியிறங்கின கொஞ்ச நேரத்துல கேட்டுச்சி. இதே பேர்ல ஃபைல் ஏற்கெனவே இருக்குது, இன்னா பண்ணலாம்னு. புதுப் பெட்டியில ஏற்கெனவே எப்படி இருக்கும்? அடப்பாவி! கடையிலயே போலியை நுழைச்சி அனுப்பியிருக்கான். என்கிட்ட போலி, லோகேஸ்வரன்கிட்ட அசல். நல்ல ஏற்பாடு! இருக்குறதை எடுத்துட்டு இதை வையுன்னு ஒரு இடம் இருந்திச்சி. எல்லாத்துக்கும் சேத்து ஒரே அமுக்கு அமுக்கினேன். அப்புறம் அது கேக்கவே இல்ல. கிரேஸ்கிட்டயா உன் வேலையைக் காட்டுற?

டேனியல் திரும்பி வந்தான். "ஏதாச்சும் கேட்டுச்சா அண்ணி?"

"ஒண்ணும் கேக்கல"ன்னேன், முகத்தைத் திருப்பிக்கினு.

நாலு மணிக்கு முடிஞ்சிது. தொறந்து பாத்தேன். மயில் இருக்குது, அன்னம் இருக்குது, யாளி இருக்குது. நிம்மதி.

"பழசை ஒரு பத்து நாள் ஓரமா வெச்சிருங்க அண்ணி. எல்லாம் சரியா வந்திருக்குதான்னு பாத்துட்டு அழிச்சிக்கலாம்."

பத்து நாளா? நான் இல்லாதப்ப வந்து அள்ளிக்கினு போறதுக்கா? "டிஸ்க்கை இப்பவே கழட்டு"ன்னேன். கழட்டிக் குடுத்தான். அம்மிமேல வெச்சி குழவியால போட்டேன் நாலு போடு. உள்ள இருந்த வட்டத் தகடு வளைஞ்சி வெளிய வந்திச்சி.

திங்கட்கிழமை காலையில ஆதிகேசவன் வந்தாரு. "கிரேஸம்மா, என் பொண்ணு கல்யாணச் சேலையை நானே நெய்யப் போறேன். நீ போட்டுக் குடுத்த அதே மயில்தான். அட்டை நைஞ்சி போச்சி, புதுசா அடிக்கணும்"னாரு.

'240 மயில்'ஐத் தொறந்தேன். வேற யாரோட மயிலோ வந்து நின்னுது. எத்தனை இருக்குதுன்னு தேடினேன், ஒண்ணே ஒண்ணு. அன்னமும் ஒண்ணு, யாளியும் ஒண்ணு. 11,416 இருந்த இடத்துல மொத்தம் எண்ணினா 318. ஏசப்பா!

டேனியல் கடைக்கு ஓடினேன். ஆதிகேசவனும் பின்னாலயே வந்தாரு. கடையில இருந்த அத்தனை பேர் முன்னாடியும் கத்தினேன். "என் பதினாலு வருஷத்தை லோகேஸ்வரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டியேடா! விரல் குறைஞ்ச மயிலை நான் என் கண்ணால பாத்தேன்டா!"

ஆதிகேசவன் தலையைச் சொறிஞ்சாரு. "ஐயம்பேட்டை சேலையா? அது என் மயில்மா. லோகேஸ்வரன் என் அட்டையை ஒரு வாரம் இரவல் கேட்டான், குடுத்தேன். ஒரே தொழில்ல இருக்குறவங்க குடுத்து வாங்குறதுதானே?"

டேனியல் மெதுவா கேட்டான். "அண்ணி, நான் டீ குடிக்கப் போனப்ப ஏதாச்சும் கேட்டுச்சா?"

கேட்டதையும் நான் அமுக்கினதையும் சொன்னேன். கேட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டான். "அது போலி இல்ல அண்ணி. ஆதிகேசவன் மயில்தான் முதல்ல வந்திருக்கும். அதைத் தூக்கிட்டு கங்கையம்மாள் மயில். அதையும் தூக்கிட்டு அடுத்தவங்களுது. கடைசியா வந்தது மட்டும்தான் நிக்குது."

அம்மிமேல வளைஞ்சி கெடந்த தகடு ஞாபகம் வந்திச்சி. அவன் கையைப் புடிச்சிக்கினேன். "டேனி, நீ ஒரு காப்பி எடுத்து வெச்சிருப்ப இல்ல?"

"எப்படி எடுப்பேன்? பென்டிரைவைத்தான் அரிசி டப்பாவுல போட்டீங்களே."

"அதுக்கு முன்னாடி? எப்பவாச்சும்? எனக்குத் தெரியாம?"

"இல்ல அண்ணி."

"எடுத்திருந்தா பரவால்லடா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். லோகேஸ்வரனுக்குக் குடுத்திருந்தாலும் பரவால்ல. திருடிட்டேன்னு சொல்லேன்டா!"

"உங்களைக் கேக்காம ஒண்ணைக்கூட நான் தொட்டதில்ல அண்ணி"ன்னான்.

ஆறு மாசமா திருடன் திருடன்னு கருவிக்கினு இருந்தவ, அவன் திருடலன்னு தெரிஞ்சதும் அந்தக் கடை வாசல்லயே உக்காந்து அழுதேன்.